கம்பியில் கட்டிய விமானம்

எரிந்த ஆமணக்கெண்ணெயின் மணம் எங்காவது மூக்கில் பட்டால், என் வயதுக்காரர்கள் பலருக்குப் பள்ளி விடுமுறையில் பிடித்து இழுத்து ஊற்றிய "பேதி மருந்து" நினைவுக்கு வரும். எனக்கோ, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தபடி தலைசுற்றி விழுகிற காட்சிதான் வரும்.

கட்டைவிரல் அளவேயான இஞ்சின் ஒன்று அந்த எண்ணெயையும் மெதனோலையும் கலந்து குடித்துவிட்டு ஊரே கேட்கும்படி அலறும். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் விளையாட்டு விமானம் செய்து பறக்கவிடும் "வானம்பாடி மாதிரி விமானக் கழகத்தின்" முழுச் சொத்தும் அதுதான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் அப்பா சேவியர் தலைவர். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வரும் கணக்கு வாத்தியார் கணேசன் மாஸ்டர் செயலாளர். கிராண்ட்பாஸில் ரேடியோ திருத்தும் நசீர் நானா, இஞ்சின் அவருடையது என்பதால், உபதலைவர். சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் இருக்கவில்லை.

போர் சற்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. என்றாலும், கொழும்பில் இரண்டு தமிழரும் ஒரு முஸ்லிமும் கூடி விமானம் செய்கிறார்கள் என்றால் அது வெறும் பொழுதுபோக்கு என்று யார் நம்புவார்கள்? ஆகவே மூவரும் தாங்களே முந்திக்கொண்டு, விமானத்தை அம்மாவின் பழைய சேலையில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல் ஏந்திப் பொலிசுக்குப் போனார்கள். அங்கிருந்த பெரிய அதிகாரி, இது எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டாராம். இரண்டு கம்பியில் கட்டியிருக்கிறது, சுற்றிச் சுற்றி இங்கேயேதான் நிற்கும் என்று மாஸ்டர் தன்னுடைய யாழ்ப்பாணத்துச் சிங்களத்தில் விளக்கியதும், அவர் சிரித்துவிட்டு, கம்பியை அவிழ்க்காத வரைக்கும் பறக்கவிடலாம் என்று அனுமதி கொடுத்தார்.

பொய்யில்லை, அது அப்படிப்பட்ட விமானந்தான். ஐம்பதடி நீளமான இரண்டு மெல்லிய கம்பிகளின் ஒரு முனை இறக்கையிலும் மறுமுனை நடுவில் நிற்பவரின் கைப்பிடியிலும் இருக்கும்; விமானம் அவரைச் சுற்றிப் பறக்க, அவரும் நின்ற இடத்தில் அதோடு சுற்ற வேண்டும். எண்ணெய் தீரும்வரை இஞ்சின் நிற்காது. தொட்டி நிறையாமல் அது பற்றாது; நிறைத்தால் நாற்பது சுற்று. அப்பாவின் தலையோ ஒன்பது சுற்றுக்கு மேல் தாங்காது. வேறு யாரிடமாவது கைப்பிடியைக் கொடுக்கலாமே என்பீர்கள். விமானத்தைச் செய்கிறவர் அப்பா; செய்தவரே பறக்கவிட வேண்டும் என்று கழக விதியில் எழுதி வைத்ததும் அவரேதான்.

மாஸ்டரின் அறிக்கைப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் விமானத்தைப் பற்றி, "தலைவர் ஒன்பதாம் சுற்றில் வீழ்ந்தார். விமானமும் வீழ்ந்தது" என்று இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி, "தலைவர் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். முன்னேற்றம் இல்லை."

அந்த இரண்டாவது விழுகையில் இஞ்சினிலேயே அடிபட்டுவிட்டது. நசீர் நானா அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேவியர், இன்னொருக்கா இது நிலத்துல குத்தினா இஞ்சின் இல்ல. இஞ்சின் இல்லண்டா கிளப்பும் இல்ல." அன்றைக்கு அப்பா சோறு வேண்டாம் என்றார். அவர் சோற்றை வேண்டாம் என்றது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது விமானத்தைச் செய்ய ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதமும் அப்பா தலைசுற்றாமலிருக்க வாயில் இஞ்சித் துண்டை அடக்கிக்கொண்டு, வீடு கூட்டுகிற தும்புத்தடியைக் கைப்பிடியாக நீட்டியபடி, எங்கள் வீட்டு ஹோலின் நடுவில் நின்று சுற்றிப் பழகினார். தடால் தடால் என்று விழுகிற சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுச் சோமா அக்கா மேலே வந்து, ஐயா குடிக்கிறாரா என்று அம்மாவிடம் சிங்களத்தில் மெதுவாக விசாரித்தார். குடித்தாலாவது ஒரு இடத்தில் இருப்பார் என்று அம்மா சிங்களத்திலேயே பதில் சொன்னார். அம்மாவுக்கு விமானமும் பிடிக்காது, நாலு பேர் பார்க்கும்படியாக எதுவும் செய்யவும் பிடிக்காது. அப்பாவோடு எடுத்த கலியாணப் படத்தில்கூட இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம்.

மூன்றாவது விமானம் பறக்க வேண்டிய ஞாயிறு, பூசை முடிந்த சனமெல்லாம் கோயிலுக்குப் பின்னாலிருந்த வெறுநிலத்தில் கூடிவிட்டது. விமானம் எழும்பியது. எல்லோரும் சத்தமாக எண்ணினார்கள். ஒன்பது கடந்ததும் கைதட்டல். பதினைந்தில் அவர் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்க, நசீர் நானா தலையில் கைவைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

அப்போது அம்மா பூசைப் புத்தகத்தை என் கையில் திணித்து, சேலைக் கொய்யக மடிப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பிக்குக் கீழே குனிந்து ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்.

"நீங்க மேல பாருங்க. கீழ நான் பாத்துக்கொள்ளுறன்."

இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். சனத்துக்குள் எவனோ பைலாப் பாட்டின் ஆட்டத் தாளத்தில் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நாற்பத்தோராம் சுற்றில் இஞ்சின் இருமி நின்றது. விமானம் மெல்லச் சறுக்கி வந்து புல்லில் சக்கரம் பதித்து உட்கார்ந்தது. ஊர் முழுக்கப் பார்க்கப் புருஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. சட்டென்று கையை எடுத்தார். அப்பா விழுந்தார்.

"விமானம் இறங்கிய பின்னரே தலைவர் வீழ்ந்தார்" என்று மாஸ்டர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, அம்மாவைக் கௌரவ உறுப்பினராக்கும் தீர்மானம்; அதற்கும் கீழே, "அவர் மறுத்துவிட்டார்."

அந்த வெறுநிலத்தில் இன்று பன்னிரண்டு மாடி நிற்கிறது. மாஸ்டர் கனடாவில், நசீர் நானா எப்போதோ கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார், இஞ்சினை மட்டும் எங்கள் வீட்டு அலுமாரியில் விட்டுப்போனார். கலியாண வீடுகளில் கம்பியும் இல்லாமல், எண்ணெயும் மணக்காமல் ட்ரோன்கள் பறக்கின்றன, யாரும் விழுவதில்லை. பார்க்க எனக்குச் சப்பென்று இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது உண்மையாகவே தலைச்சுற்று வருத்தம். காதுக்குள்ளே கோளாறாம். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக அம்மாதான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். யார் பார்த்தாலும் கையை எடுப்பதில்லை. பாதி வழியில் அப்பா நின்று கேட்பார்:

"எத்தினையாவது சுத்து?"

"இஞ்சின் இன்னும் நிக்கல்ல," என்பார் அம்மா. "பேசாம நடங்க."