ஆனி மாத விடுப்பு

எங்கள் துறைத்தலைவரின் அறையில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு ஓர் அட்டவணை தொங்கியது. மேலே பன்னிரண்டு மாதங்கள். இடப்பக்கம் பதினொரு பேரின் பெயர்கள். யார் எந்தெந்த நாட்களில் விடுப்பில் போகிறார்களோ அந்தக் கட்டங்களில் பச்சைக் காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். தெற்கு ஜெர்மனியின் ஒரு சிறிய ஊரில், மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலை அது. சேர்ந்து ஒன்றரை ஆண்டாகியும் என் பெயருக்கு நேரே ஒரு துண்டுகூட ஒட்டப்பட்டதில்லை. அந்த வெள்ளை வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரு மே மாதக் காலையில் துறைத்தலைவர் என்னை உள்ளே அழைத்தார். காப்பிக் கோப்பையை என் முன்னால் வைத்தார். அந்த வரிசையை விரலால் தொட்டு, "இது சரியில்லை" என்றார்.

அந்த நாட்டில் எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். அறுபதை நெருங்கும் துறைத்தலைவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்றார்கள். அழைத்தால் பிறகு அதையே குற்றமாகச் சொல்வார்களோ என்று, ஐந்தாறு மாதம் அவரை எதுவுமே சொல்லி அழைக்காமல் சமாளித்தேன். அவர் சைக்கிளில் வருவார், தன் கோப்பையைத் தானே கழுவுவார். கூட்டத்தில் வயதில் குறைந்த ஒரு பெண் அவரைப் பார்த்து, "நீங்கள் சொல்வது தவறு" என்றாள். அவர் அதைக் குறித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவளை எப்போது வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று ஒரு மாதம் கவனித்துக்கொண்டிருந்தேன். என் பிறந்தநாளன்று ஆளாளுக்கு என் மேசைப்பக்கம் வந்து, வெறும் மேசையைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். அங்கே பிறந்தநாள்காரர்தான் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டுமாம். எனக்கோ, ஏதோ முடிவாகிவிட்டது, நமக்கு மட்டும் சொல்லவில்லை என்றே தோன்றியது.

இந்தப் புத்தி வானத்திலிருந்து விழவில்லை. அப்பா போலீஸில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிப் பக்கம் இலத்தூரில் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போனால், "எதுக்குப் பேசுதான்னு யோசிச்சியாலே?" என்று கேட்பார். அது போதாதென்று, ஜெர்மனிக்குப் போவதற்கு முன்பு நான் இருந்த சென்னை நிறுவனத்தில், எங்கள் மேலாளர் ஆறு பேரைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, செய்கிற வேலையையெல்லாம் விவரமாக எழுதித் தரச் சொன்னார். நாங்களும் மாய்ந்து மாய்ந்து எழுதினோம். எழுதி முடித்த வாரமே அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள்.

அதனால்தான் துறைத்தலைவர், "ஜூன் கடைசியில் கிளம்புங்கள். மூன்று வாரம். அதற்குள் உங்கள் வேலைகளை எழுதிப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுங்கள்" என்றபோது எனக்கு அந்தச் சென்னை டீதான் ஞாபகம் வந்தது. போன ஆண்டே அவர் இரண்டு முறை விடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தார். வேலை அதிகம் என்று தட்டிக்கழித்திருந்தேன். இந்த முறை அவர் கேட்கவில்லை, சொன்னார். பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இதில் இருக்கிறதா? ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டார்.

"எதுவும் இல்லை" என்றேன்.

ஒன்று இருந்தது. சோதனைக் கூடத்தில் இயந்திரங்கள் இரவு முழுவதும் ஓடும். மாத்திரை விழாத குழிகள் உள்ள அட்டைகளை ஒரு கேமரா பார்த்து ஒதுக்கும். எத்தனை அட்டை ஓடியது, எத்தனை ஒதுங்கியது என்று காலையில் அறிக்கை தருவது நான் எழுதிய நிரலின் வேலை. சேர்ந்த மூன்றாவது மாதத்தில் அதில் ஒரு பிழையைக் கண்டேன். தேதி மாறும் நொடியில் ஓடுகிற சில அட்டைகள் அறிக்கையில் வராமல் போயின. சொற்பம்தான், எந்த இயந்திரத்தின் தரத்தையும் அது மாற்றிவிடாது. திருத்துவதற்குப் பத்து வரி போதும். ஆனால் திருத்தினால் ஏன் திருத்தினேன் என்று எல்லாரும் பார்க்கிற பதிவில் எழுத வேண்டும். அதற்குள் பல அறிக்கைகளில் என் கையெழுத்து விழுந்திருந்தது. வேலைக்கு வந்து மூன்றே மாதம். விசாவும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அதனால் தினமும் காலை ஏழு மணிக்கே போய், யாரும் வருவதற்குள் விட்டுப்போன அட்டைகளை மூலப்பதிவிலிருந்து எடுத்துக் கையால் சேர்த்துவிடுவேன். என் வரிசை வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் உழைப்பு இல்லை. ஒரு நாள் நான் வராவிட்டாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

திருவனந்தபுரத்தில் இறங்கி ஆரியங்காவு வழியாக ஊருக்கு வந்தேன். செங்கோட்டையை நெருங்கும்போதே சாரல் ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு நான் வந்ததே போதுமானதாக இருந்தது. அப்பாவுக்குப் போதவில்லை. காப்பி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"ஏலே, கோயில் கொடையும் இல்ல, கல்யாணமும் இல்ல. ஆனி மாசத்துல என்னத்துக்கு வந்திருக்க?"

"லீவு குடுத்திருக்காங்கப்பா."

"நீ கேட்டியா, அவங்களாக் குடுத்தாங்களா?"

"அவங்களாத்தான்."

"சம்பளத்தோடயா?"

"ஆமா."

"வேலையும் செய்யாண்டாம், சம்பளமும் தருவான். அப்படித்தான?" என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஸ்டேஷனில் எத்தனையோ பேர் அந்தப் பார்வைக்கு எதிரே உட்கார்ந்து வியர்த்திருப்பார்கள். அன்று எனக்கு வியர்த்தது.

மறுநாள் அலுவலக மின்னஞ்சலைத் திறக்கப் பார்த்தேன். விடுப்பு முடியும்வரை திறக்காது என்று ஒரு வரி வந்தது. அங்கே அதுதான் வழக்கம் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் சென்னையிலும் முதலில் மின்னஞ்சலைத்தானே பூட்டினார்கள்? பக்கத்து மேசைக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன், எல்லாம் சரியாகப் போகிறதா என்று. "விடுப்பை அனுபவியுங்கள்" என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன். பதிலே இல்லை. அம்மா பரிமாறுவது என்ன குழம்பு என்றுகூடத் தெரியாமல் ஒரு வாரம் சாப்பிட்டேன். தென்காசிக்குப் போனாலும், வயலைப் பார்க்கப் போனாலும் கை சட்டைப்பையிலேயே இருந்தது. நான் அலைபேசியைப் பார்ப்பதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலையில் அவரே, "ஐந்தருவில நல்லாத் தண்ணி விழுதாம். கெளம்பு" என்றார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனோம். நல்ல கூட்டம். வழி நெடுக ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற வாசனை சாரலோடு கலந்து வந்தது. அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். நான் அலைபேசியைப் பாலிதீன் பையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டில் நனையாத இடமாகப் பார்த்து நின்றேன். அருவிச் சத்தத்தில் மணி கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது துறைத்தலைவரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்து நின்றுபோயிருந்தது.

மணி பத்தே முக்கால். அங்கே ஏழேகால். நான் வழக்கமாக அந்த அட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிற நேரம். விடுப்பில் இருப்பவரை அழைக்கவே கூடாது என்கிற மனிதர், அந்த நேரத்தில் அழைக்கிறார் என்றால் எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"அவருதானா?"

"யாரு?"

"ஒங்க ஆபீசரு. முந்தாநாளு நான் போன் போட்டேன்லே."

எனக்கு அவர் சொன்னது விளங்கவே கொஞ்ச நேரமாயிற்று. என் பையைச் சோதித்து, துறைத்தலைவரின் முகவரி அட்டையை எடுத்து, தன் போலீஸ் இங்கிலீஷில் ஜெர்மனிக்கு அழைத்திருக்கிறார்.

"எப்பா, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! என்ன கேட்டீங்க?"

"வேல இருக்கா, போயிட்டான்னு கேட்டேன். வேற என்ன கேப்பாங்க? இருக்குன்னாரு."

"நம்பிட்டீங்களா?"

"கேட்ட ஒடனே பட்டுனு சொல்லுதவன நான் நம்ப மாட்டேன். இவரு நல்லா யோசிச்சுத்தான் சொன்னாரு."

அலைபேசி மறுபடி அதிர்ந்தது. எடுப்பதா வேண்டாமா என்று நான் தயங்க, அப்பா, "எடு" என்றார். எடுத்தேன்.

"அது என்ன சத்தம்? மழையா?" என்று கேட்டார் துறைத்தலைவர்.

"அருவி."

"நல்லது. நான் அழைத்திருக்கக் கூடாது, மன்னியுங்கள். உங்கள் தந்தை கவலைப்பட்டார். உங்கள் வேலை போகவில்லை, அதைச் சொல்லத்தான் அழைத்தேன்." பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "நீங்கள் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார்.

கேட்டுவிட்டு அவர் பேசவில்லை. பக்கத்தில் அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை இரைச்சலுக்கு நடுவே, கத்திக் கத்தி, ஒன்றரை ஆண்டாக மறைத்ததை எல்லாம் சொன்னேன். பக்கத்தில் ஈரத்தலையோடு போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நீங்கள் கிளம்பிய இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டோம்" என்றார் அவர். "மீதி நீங்கள் வந்த பிறகு. போய்க் குளியுங்கள்."

அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் கையிலிருந்து பாலிதீன் பையை வாங்கித் தன் துணிகளுக்குள் வைத்துக்கொண்டு, "போ, தலைய நனை" என்றார். ஊருக்கு வந்து அன்றைக்குத்தான் எனக்குக் குளிர்ந்தது.

விடுப்பு முடிந்து திரும்பிப் போனபோது துறைத்தலைவர் கோபமாவது பட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கடிதத்தைக் காட்டினார். நான் பிழையைக் காண்பதற்கு முன்பு போன ஓர் அறிக்கையைத் திருத்தி, வாடிக்கையாளருக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்கும் கடிதம். கீழே அவருடைய கையெழுத்து. "பத்து வரிப் பிழை யாருக்கும் வரும். ஆனால் அதை மறைத்துக்கொண்டே ஒன்றரை ஆண்டு தினமும் எனக்குக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறீர்கள்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "எனக்கும் உங்கள்மேல் சந்தேகம் இருந்தது. ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர், ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லை எதையாவது காவல் காக்க வேண்டும். எது என்று தெரியத்தான் அனுப்பினேன்" என்றார். நான் சந்தேகப்பட்டது முழுக்கத் தவறில்லை என்று தெரிந்தபோது அற்பமாக ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நொடியே வெட்கமும் வந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். துறையில் எல்லார் முன்னிலையிலும் நின்று பிழையை நானே விளக்கினேன். மறுநாள் அவர் எப்போதும்போலக் கோப்பையைக் கழுவிக்கொண்டே என்னிடம் மழையைப் பற்றிப் பேசினார். மனதில் வைத்திருக்கிறாரா, மறந்துவிட்டாரா என்று அதன்பிறகும் ஒரு வருடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஓய்வு பெற்ற அன்று நான் விடைபெறப் போனேன். அவராகவே அந்த அழைப்பை நினைவுபடுத்தினார். "என் வேலைக்காலத்தில் எந்த ஊழியரின் தந்தையும் எனக்கு அழைத்ததில்லை" என்று சிரித்தார்.

"என் வேலை போய்விட்டதா என்று கேட்டுவிட்டாராம். மன்னியுங்கள்."

"அவர் அதைக் கேட்கவே இல்லையே. என் மகன் என்ன தப்புச் செய்தான் என்று கேட்டார். விடுப்பு முடிந்ததும் உங்கள் மகனிடமே பேசிக்கொள்கிறேன் என்றேன். அப்போது ஒன்று சொன்னார். முதல் தடவை கேட்டால் இல்லை என்பான். சத்தம் போடாமல் இன்னொரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவனே சொல்லிவிடுவான் என்றார்."

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தென்காசிப் பக்கமே ஒரு நிறுவனத்தில் வேலை. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. வந்த புதிதில் இதை அவரிடம் கேட்டேன். "நான் எங்கனலே அப்படிச் சொன்னேன்? வேல இருக்கா, இல்லியான்னுதான் கேட்டேன். அவருக்கு வயசாயிட்டுல்லா, எதையாவது சொல்லுவாரு" என்றார். இருவரில் ஒருவர் மாற்றிச் சொல்கிறார். யார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் காரணமே இல்லாமல் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"ஆபீஸ் போவலியா?"

"லீவு போட்டிருக்கேன்பா."

"ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லப்பா."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணும் இல்லையேலே?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, சும்மா இருந்தார்.