நீலம் கசிந்த கழுத்து

கனடாவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் படத்தை அத்தான் முதலில் முகர்ந்து பார்த்தார். ஸ்ரூடியோப் படங்களுக்குரிய மருந்து நெடி அதில் இல்லை. தடித்த கடதாசியில், கணினியிலிருந்து அச்சாகி வந்த படம் அது. என் தமக்கையின் கணவரான அவர் எதையும் எளிதில் நம்பாதவர். மகளுக்கு வந்த சம்பந்தங்கள் பலவற்றை அவருடைய ஐயமே திருப்பி அனுப்பியிருந்தது. என் மருமகளான அவளுக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இதுவும் தவறினால் இனியொரு பேச்சு வராதென்று அக்கா அஞ்சினாள். போரால் மின்சாரம் அற்றுப்போயிருந்த ஆண்டுகள் அவை. கணினியை எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

அளவெட்டி வீட்டு முற்றத்தில், வெயிலுக்கு நேரே படத்தைப் பிடித்தபடி அத்தான் என்னை அழைத்தார்.

"தம்பி, உவன்ரை கழுத்தைப் பார்."

மாப்பிள்ளையின் சட்டை நீலம். அந்த நீலம் காலரைத் தாண்டித் தாடையின் கீழ்வரை கசிந்திருந்தது. நாள்தோறும் திருமுறை ஓதும் எனக்கு, நஞ்சுண்ட கண்டத்தின் கறையே முதலில் நினைவில் எழுந்தது. அத்தானுக்கு அப்படி எழவில்லை.

"தலை ஒருத்தன்ரை, உடம்பு வேறை ஒருத்தன்ரை. வெட்டி ஒட்டியிருக்கிறாங்கள். அதை விடு, நெத்தியிலை நீறு எங்கை?"

நெற்றி முழுவதும் ஒரே தவிட்டு நிறமாகப் பரந்து கிடந்தது. திருநீற்றின் சாயல்கூட இல்லை. சைவக் குடும்பத்துப் பிள்ளை, கலியாணத்துக்கென்று அனுப்பும் படத்தில் வெறும் நெற்றியோடு நிற்பானா? போன இடத்தில் மதம் மாறிவிட்டானோ என்று அத்தான் கேட்டபோது, எனக்கும் அந்த ஐயம் தட்டியது.

பண்டத்தரிப்பிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் வந்து விளக்கம் சொன்னார்.

"மகன் படம் எடுக்கேக்கை போட்டிருந்தது கறுப்புச் சட்டை. நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாதெண்டு, அவன்ரை சிநேகிதன் கொம்பியூட்டரிலை நீலமாக்கினவனாம்."

"சரி, நீறு எங்கை போச்சுது?"

"அச்சடிக்கிறதுக்காக நிறங்களைக் குறைச்சவனாம். அப்ப கிட்டக் கிட்ட இருக்கிற நிறமெல்லாம் ஒண்டாப் போயிடுமாம்."

"நல்ல மிசின்! கழுத்துக்கு நீலம் பூசுது, நெத்தியிலை நீறை அழிக்குது. உதுக்குச் சமயமும் தெரியும் போலை கிடக்கு."

கணினி எண்ணற்ற நிறங்களைச் சிலவாகச் சுருக்கும்போது, மெல்லிய சாம்பற் கீற்றைப் பக்கத்திலுள்ள தோலின் நிறத்தோடு சேர்த்துவிடும் என்பதை இன்று நான் அறிவேன். என் பேத்தி கைத்தொலைபேசியில் விளையாட்டாகச் செய்து காட்டியிருக்கிறாள். அன்றோ அந்த அம்மாளின் சொற்கள் வெறும் சாக்காகவே எனக்கும் பட்டன.

"நெகற்றிவ் அனுப்பச் சொல்லுங்கோ" என்றார் அத்தான். "அதிலை ஒருத்தரும் கை வைக்கேலாது."

தரைப்பாதை மூடியிருந்ததால் படகில் கிளாலிக் கடலைத் தாண்டி வந்த ஒருவர் அதைக் கொண்டுவந்து தந்தார். அத்தான் சூரியனுக்கு எதிரே உயர்த்திப் பிடித்தார். கறுப்பு வெளிறியும் வெண்மை இருண்டும் தோன்றும் அந்தச் சிறு துண்டில், நெற்றியின் குறுக்கே மூன்று கரிய கோடுகள் தெரிந்தன. எனக்கு மெய் சிலிர்த்தது.

"கோடு கிடக்குத்தான்" என்றார் அத்தான். "நாளும் பூசுறவனோ, படத்துக்கெண்டு பூசினவனோ?"

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகள் அவர் கையிலிருந்து நெகற்றிவை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, படத்தை வைச்சு இன்னும் எத்தினை மாசம் வழக்குப் பேசப் போறியள்? ஆளை வரச் சொல்லுங்கோ. நீங்கள் பாருங்கோ, நானும் பாக்கிறன். பிறகு வேண்டாமெண்டா நானே சொல்லுறன்."

மாப்பிள்ளை கொழும்புக்கு வந்தார். மருமகளோடு நாங்களும் போனோம். விமானத்தில் வந்த களைப்போடு, முகம் கழுவி, வெறும் நெற்றியோடு அவர் நாங்கள் தங்கியிருந்த அறைக்குள் நுழைந்ததும் அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பொருள் எனக்கு விளங்கியது. அவர் தம் மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்து நீட்டினார்.

அந்த இளைஞர் காலணியைக் கழற்றினார். இடக்கையின்மேல் வலக்கையை வைத்துக் குழித்து ஏந்தி வாங்கினார். ஒரு துகளும் நிலத்தில் சிந்தாதபடி முகத்தை நன்றாக அண்ணாந்து, கண்ணை மூடி, "சிவசிவ" என்று மூன்று விரலால் பூசினார். கையில் எஞ்சியதைத் தட்டிவிடாமல் கழுத்தில் தடவிக்கொண்டார். நாள்தோறும் பூசாதவனுக்கு அப்படி அண்ணாந்து பூசத் தெரியாது.

அத்தான் பையின் வாயை மெல்லச் சுருக்கிக் கட்டினார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள், வேண்டாமென்று சொல்லவில்லை.

"தம்பி" என்றார் என்னிடம், "நாள் பாக்கச் சொல்லு."