சிக்னல் புகாத பீரோ

அந்தத் தெருவில் யாரிடம் வழி கேட்டாலும் "பீரோக்காரர் வீட்டைத் தாண்டி" என்றோ, "பீரோக்காரர் வீட்டுக்கு முன்னாலேயே" என்றோதான் சொல்வார்கள். வீட்டின் முன்பக்கம் பட்டறை. காலை ஒன்பதரைக்குத் தகட்டின் மேல் சுத்தியல் விழ ஆரம்பித்தால் சாயங்காலம் ஐந்தரை வரை ஓயாது. முப்பத்திரண்டு வருஷமாக இதே கதைதான். தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்து, பெயின்ட் அடித்து, கடைசியில் விரல் முட்டியால் கதவை ஒரு தட்டு தட்டுவார். சத்தம் பிடித்தால்தான் அந்தப் பீரோ பட்டறையை விட்டு வெளியே போகும்.

வாங்க வருகிறவர்களிடம் அவர் சொல்வதும் மாறாத ஒரே வாசகம்தான். "என் பீரோவுக்குள்ள தண்ணி போகாது, தூசி போகாது, எலி போகாது, திருடனும் போக மாட்டான்."

அவர் மனைவி கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே வெகுதூரம் இடம் மாறிப் போனபோது, தினமும் இரண்டு பஸ் மாறி அலைய முழங்கால் இடம் கொடுக்காமல் வேலையை விட்டவர். நான்கு வருஷம் ஆயிற்று. தெருவுக்கு மட்டும் இன்னும் அவர் டீச்சர்தான், கட்டிய கணவர் வாயிலும் டீச்சர்தான். டீச்சருக்கு வெண்கலக் குரல். "என்னங்க, குளிக்க வாங்க" என்று அவர் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் துண்டைத் தேடுவார். அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்த்த தொண்டை, வேறு எப்படி இருக்கும் என்று தெரு நினைத்தது. பீரோக்காரரும் அப்படித்தான் நினைத்தார்.

வேலையை விட்டதைப் பற்றி டீச்சர் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் காய் நறுக்கும்போது கேரட்டை எட்டில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டே நறுக்குவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் அவருக்கு என்னவோ போல் இருக்கும். அதைச் சரிசெய்ய இரும்பில் ஒன்றும் செய்ய முடியாதே.

இந்த நிலையில்தான், கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு நிறுவனம் கணக்கு டீச்சர் தேடுகிறது என்று தெரிந்தது. டீச்சர் விண்ணப்பித்தார், பேசினார்கள், பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு. அதில் தேறினால் வேலை. பீரோக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பின்னறைச் சுவர் முழுக்க ஒரே தகட்டில் பச்சைப் பெயின்ட் அடித்த கரும்பலகை ஒன்றைச் செய்து, ஒரு பஸ் மோதினாலும் விழாதபடி திருகாணி போட்டு மாட்டிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. டீச்சர் பலகை முன்னால் நின்று பின்னம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த அரை மணி நேரத்தில் படம் ஏழு தடவை உறைந்தது. ஒருமுறை டீச்சர் வாயைத் திறந்தபடியே இரண்டு நிமிஷம் நின்றுவிட்டாராம். நிறுவனத்து அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "நீங்க நல்லா நடத்துறீங்க மேடம். ஆனா லைன் இப்படி இருந்தா பிள்ளைங்க ஓடிடுவாங்க. சனிக்கிழமையும் இதே மாதிரி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைத்தான் பாக்கணும்."

டீச்சர் பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பீரோக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு மைத்துனருக்குப் போன் போட்டார்.

மைத்துனர் டீச்சரின் தம்பி. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. "மாமா, உங்க ரவுட்டர் பழசு. ரெண்டே ரெண்டு ஆன்டெனா. அதை வச்சு என்ன பண்ண முடியும்? எட்டு இருக்கணும், எட்டு!"

புதன்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். வரிசையாக ரவுட்டர்கள். சில தட்டையாக, சில நிமிர்ந்து, ஒன்று மல்லாந்து விழுந்த சிலந்தி மாதிரி. பீரோக்காரர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார்.

"எல்லாம் வெறும் பிளாஸ்டிக்கா இருக்கேம்மா. கனமே இல்லையே!"

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கனத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்ல சார். இதுல ரெண்டு அலைவரிசை வரும். ஒண்ணு தூரமாப் போகும், ஆனா வேகம் கம்மி. இன்னொண்ணு நல்ல வேகம், ஆனா குறுக்க ஏதாவது இருந்தா சீக்கிரம் சோர்ந்து போயிடும். அதனால எந்த ரவுட்டர்னு அப்புறம் பாக்கலாம். உங்க வீட்டுல ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"ஒரு சுவர். பழைய காலத்துக் கல் சுவர். அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்னம்மா இருக்கப்போகுது?"

இதை அவர் மனசாட்சிக்கு விரோதமாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் கண்முன்னால் நிற்கிற பொருள் யார் கண்ணிலும் படாது. விற்பனைப் பெண் நடுத்தரமான ஒன்றைக் காட்டினாள். மைத்துனர் எட்டு ஆன்டெனாவில் ஒற்றைக்காலில் நின்றார். அதுதான் இருப்பதிலேயே கனமும் கூட என்பதால் பீரோக்காரரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்.

வியாழக்கிழமை அதை மாட்டினார்கள். வெளியிலிருந்து வரும் இணைய லைன் கூடத்து ஜன்னல் பக்கம் முடிகிறது, அதனால் ரவுட்டர் கூடத்து அலமாரியில் உட்கார்ந்தது. கடவுச்சொல் வைக்கச் சொன்னபோது பீரோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூட்டு என்றால் அவர் துறை. எழுத்தும் எண்ணும் கலந்து இருபத்துநாலு வைத்தார். அதை ஒரு சீட்டில் எழுதி, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோ லாக்கரில் வைத்து, பீரோவையும் பூட்டினார். அடுத்த பத்தாவது நிமிஷம் டீச்சரின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டது. லாக்கரைத் திறந்தார், மூடினார். மைத்துனரின் போன் கேட்டது. மறுபடி திறந்தார். நாலாவது தடவை டீச்சரே சீட்டைப் பிடுங்கி ஜன்னலில் ஒட்டிவிட்டார்.

கூடத்தில் சிக்னல் பிய்த்துக்கொண்டு வந்தது. பின்னறையில் மட்டும் அதே பழைய பாட்டு. எட்டு ஆன்டெனாவையும் மைத்துனர் எட்டுத் திசையில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் அவருக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் இணைய லைன் பழுது பார்க்கிற பெண் வந்தாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு போன். கூடத்தில் நின்று பார்த்தாள். அடுக்களை வழியாகச் சுற்றிப் பின்னறைக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து கேட்டாள், "சார், இந்த ரூமுக்குப் போக ஏன் கிச்சன் வழியா சுத்துறீங்க? நேர் வழி கிடையாதா?"

"இருக்கு" என்றார் டீச்சர். "அதுலதான் பீரோ நிக்குது."

அப்போதுதான் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த வாசலை அடைத்துக்கொண்டு, ஏழடி உயரத்தில், இரட்டைக் கதவோடு நின்றது பீரோ. பீரோக்காரர் ஆள் துணை இல்லாமல் முழுக்க முழுக்கத் தன் கையாலேயே செய்த முதல் பீரோ. கல்யாணத்துக்கு டீச்சருக்குக் கொடுத்தது. சின்ன வீட்டில் அதை வைக்க வேறு இடம் கிடைக்காததால் அந்த வாசலில் நிறுத்தினார். திருடன் அசைக்கக்கூடாது என்று நிலையோடு சேர்த்து நாலு போல்ட் வேறு போட்டு இறுக்கினார்.

அந்தப் பெண் போனைப் பீரோவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துக் காட்டினாள். "கல் சுவரைத் தாண்டிச் சிக்னல் போறது கஷ்டம் சார். அதுக்கு இருந்த ஒரே வழி இந்த வாசல். அதுல இரும்பை நிறுத்திட்டீங்க. இரும்பு சிக்னலை விடவே விடாது."

"கேபிள் இழுத்துப் போட முடியாதா?"

"சுவர்ல துளை போடணும். அதுக்கு ஆள் திங்கக்கிழமைதான் வருவாங்க. இதை நகர்த்துங்க, இப்பவே சரியாயிடும்."

பீரோக்காரர் முகம் சுண்டிவிட்டது. "அதை நகர்த்த முடியாது. நகரக்கூடாதுன்னுதான் போட்டிருக்கேன்."

"பரவாயில்லங்க. நாளைக்கு எப்படி வருதோ வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் அடுக்களை வழியாகச் சுற்றிப் பின்னறைக்குப் போனார். வலிக்கிற முழங்காலோடு, இருபத்தாறு வருஷமாகச் சுற்றுகிற அதே சுற்று. அந்தச் சுற்றைப் பீரோக்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். தன்மேலேயே அவருக்குப் பொறுக்க முடியாத கோபம் வந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பட்டறை ஆட்கள் மூன்று பேரை வரவழைத்துவிட்டார். முதலில் பீரோவைக் காலி செய்தார்கள். சேலை, சான்றிதழ், பழைய விடைத்தாள் கட்டு எல்லாம் கட்டிலுக்கு வந்தன. மூன்று போல்ட் எப்படியோ அசைந்து கொடுத்தன. நாலாவது துருவேறி நிலையோடு ஐக்கியமாகி இருந்தது. எண்ணெய் விட்டார்கள், தட்டினார்கள், ஸ்பேனர் வழுக்கியது. மணி ஒன்பது இருபது.

"எவன் போட்டான் இதை?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினார் பீரோக்காரர். ஆட்கள் மூவரும் அவரையே பார்த்தார்கள்.

கடைசியில் பட்டறையிலிருந்து அறுக்கும் மெஷினைக் கொண்டுவந்து போல்ட்டின் தலையை அறுத்தார். தீப்பொறி பறந்தது. நாலு பேரும் தோள் கொடுத்துத் தள்ள, பீரோ தரையில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு கூடத்தின் மறுபக்கம் போய் நின்றது. ஒன்பது நாற்பத்தெட்டு. வாசல் திறந்துகொண்டது. நேற்றைய பெண் நல்லவள், என்ன ஆயிற்று என்று கேட்கப் போன் செய்தாள்.

"முழுசா வருதும்மா!" என்று கத்தினார் பீரோக்காரர். "ஒண்ணு சொல்றேன் கேளு. இருபத்தாறு வருஷம் கழிச்சும் என் பீரோ ஒரு சொட்டு சிக்னலை உள்ள விடலையே, பாத்தியா?" அன்றைக்கு அவருக்கு வாயெல்லாம் பல்.

பத்து மணிக்கு வகுப்பு தொடங்கியது. பட்டறைக்கு விடுமுறை. பீரோக்காரர் கூடத்தில் வாசலுக்கு இந்தப் பக்கம், திரையில் தெரியாத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சர் பாடம் நடத்தி அவர் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் நடக்கிற நேரம் பட்டறையும் நடக்கிற நேரம். பெருமையில் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஐந்தாவது நிமிஷம் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெண் குழந்தை பேசியது. அது என்ன சொன்னது என்று அவருக்குப் புரியவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் மட்டும் நன்றாகக் கேட்டது.

"காது வலிக்குதா கண்ணு? மன்னிச்சுக்கோ. எங்க வீட்டுக்காரருக்குச் சுத்தியல் சத்தத்துல காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு. அவருக்குக் கேக்கணும்னு கத்திக் கத்தி எனக்கு இப்படியே பழகிப்போச்சு. இதோ, மெதுவாப் பேசுறேன்."

அதற்கப்புறம் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீச்சரின் உதடு அசைந்தது. கை பலகையில் ஒரு வட்டத்தை எட்டாகப் பிரித்தது. திரையில் குழந்தைகள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் ஒரு தடவைகூட உறையவில்லை. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்த பீரோக்காரருக்குத்தான் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. தன் காது மந்தம் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவு காலம் அதை அவருக்குத் தெரியவிடாமலே ஒருத்தி கத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். அவர் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு டீச்சர் வாசல் வழியாக நேராக நடந்து வந்தார். "வேலை கிடைச்சிடுச்சுங்க! திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணிலேர்ந்து வகுப்பு. எப்படி இருந்துச்சு?"

"அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம் ஒண்ணுமே கேக்கல."

"ஐயோ, லைன் போயிடுச்சா?"

"லைன் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றார் பீரோக்காரர். தன் காதைத் தொட்டுக் காட்டினார். டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம் அவர் மறுபடி அதே கடைக்குப் போனார், இந்தத் தடவை மைத்துனர் இல்லாமல். விற்பனைப் பெண் எடுத்துக் கொடுத்ததை எடையும் பார்க்காமல் தட்டியும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தார். நேரே டீச்சரிடம் தன் போனையும் சேர்த்து நீட்டினார். டீச்சர் ஏதோ அழுத்தினார், ஏதோ எழுதினார், ஏன் என்று கேட்கவில்லை.

ஆறு மணி. பன்னிரண்டு குழந்தைகள் வந்தாயிற்று. திரையில் பதிமூன்றாவது கட்டத்தில் 'பீரோ' என்று பெயர் வந்தது.

"மிஸ், பீரோன்னா யாரு மிஸ்?"

"புதுசாச் சேர்ந்தவர். கணக்குல கொஞ்சம் வீக்."

கூடத்து நாற்காலியில் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பீரோக்காரர். காதுக்குள் ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. தணிந்த, இதமான, கொஞ்சம் குறும்பான குரல். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தும் அவர் இந்தக் குரலைச் சரியாகக் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துவிட்டார்.

டீச்சர் திறந்த வாசல் வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"கடைசி வரிசையில இருக்கிறவர், சாயாம நிமிர்ந்து உக்காருங்க" என்றார் மெதுவாக.

பீரோக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.