நான்கு நிமிடமும் ஒரு கறுப்பு லேப்டாப்பும்

படபட அக்காவிடம் போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அடித்தாயே, கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டால், தெரியாது என்பாள். பொய் இல்லை. அவள் வேலை அப்படி. காது கேளாதவர்கள் வந்து உட்காரும் வகுப்புகளிலும் விசாரணைகளிலும் மற்றவர்கள் பேசப் பேச அதை அப்படியே லேப்டாப்பில் அடிப்பாள். அடித்தது அந்தக் கணமே எதிரே பெரிய திரையில் ஓடும். காதில் விழுவது நேராக விரலுக்குப் போய்விடும், நடுவே மண்டையில் இறங்கி இளைப்பாற அதற்கு நேரம் கிடையாது. யாராவது இருமினால் இருமல் என்று அடிப்பாள். நாற்காலி இழுபட்டால் அதையும் அடிப்பாள். எது முக்கியம், எது வெட்டி என்று பிரிப்பது படிக்கிறவர் பாடு, ஒன்றையும் விடாமல் கொடுப்பது தன் பாடு என்பது அவள் கட்சி. பதினெட்டு வருடமாக அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் உறுப்பினர்.

விசைகள் எழுப்பும் சத்தத்தால்தான் அந்தப் பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அடிக்கும்போது திரையைப் பார்க்க மாட்டாள், பேசுகிறவரின் வாயைத்தான் பார்ப்பாள். அந்தப் பழக்கம்தான் ஒரு நாள் அவளைக் கவிழ்த்தது.

அவளுடைய லேப்டாப்புக்கு வயது எட்டு. கீல் ஒடிந்து, மூடியை ஒரு ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருந்தது. சார்ஜர் வயரில் வயரைவிட டேப்தான் அதிகம். மாற்றிவிடு என்று பஸ் ஓட்டுநரான கணவர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று இவளும் மூன்று வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அது கடைசியில் ஓடாமல் நின்றது ஒரு திங்கட்கிழமை, மருந்துக் கிடங்கு ஒன்றின் விசாரணை அறையில்.

அந்தக் கிடங்கில் பார்சல் கட்டும் பெண் ஒருத்திக்கு இருபத்திரண்டாம் வயதில் காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சமிருந்தது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று அவள் மேஜைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள், இவள் உள்ளே பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கூட்டி வரத் திரும்பி ஓடிய ஒருவர் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். அலட்சியம் என்று இவள் மேல் குற்றச்சாட்டு வந்தது. நிரூபணமானால் வேலை போய்விடும். விளக்கைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள், அதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றாள் அவள். அதற்குப் பதில் சொல்ல மேலாளர் எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான் திரை உறைந்தது.

அக்கா மேலாளரின் வாயைப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தாள். கிடங்குப் பெண் மேஜையை உள்ளங்கையால் தட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அணைத்து, போட்டு, மறுபடி எழுத்து ஓடத் தொடங்கியபோது நான்கு நிமிடம் போயிருந்தது. அடித்ததில் ஒரு வரிகூடத் தங்கவில்லை. மேலாளரும் உட்கார்ந்துவிட்டார். முக்கியமாக ஒன்றுமில்லை, மேலே போகலாம் என்று அவரே சொன்னார். நேரமாகிவிட்டதால் விசாரணை அதிகாரியும் தலையாட்டினார். குறிப்பெழுதும் குமாஸ்தாவின் நோட்டில் மேலாளர் விளக்கம் அளித்தார் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அடுத்த அமர்வு மறு வாரம் வியாழக்கிழமை, அதோடு முடிவு.

நடைவழியில் கிடங்குப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொந்தக் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுவதுபோல் உரக்கக் கேட்டாள்.

“அப்ப அவர் என்ன சொன்னாரு அக்கா?”

அக்கா வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. விளக்கு என்று ஏதோ, காலையில் என்று ஏதோ. எல்லாம் விரல் வழியாகப் போய் ஒரு செத்த இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டது. தெரியவில்லை என்று தலையசைத்தபோது அவள் கூனிக் குறுகிப்போனாள். பதினெட்டு வருடத்தில் அவள் யாருக்கும் ஒரு இருமலைக்கூடக் குறைத்துக் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அடுத்த வார வியாழனுக்குள் எனக்கு நடுவில் நிற்காத ஒரு இயந்திரம் வேண்டும், அது என்ன விலை, என்ன நிறம், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம் என்றாள். கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வண்டி எடுக்கும்போது பெயின்ட்ட பாத்து எடுக்காத. ஏத்தத்துல ஓட்டிப் பாத்து எடு,” என்றார்.

மூன்று வருடத்தில் அவர் சொல்லி அவள் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கூட்டிக்கொண்டு போனாள் என்பதைவிட அவன் ஒட்டிக்கொண்டு வந்தான் என்பது சரி. புதிதாக வரும் எந்தச் சாதனமானாலும் வாங்காமலே அதைப்பற்றி இரண்டு மணி நேரம் பேசக்கூடியவன். கடைக்குள் நுழைந்ததும் மேல்தட்டில் கண்ணாடி விளக்குக்குக் கீழே இருந்த வெள்ளி நிற லேப்டாப்பிடம் நேராகப் போய்விட்டான். கை விரல் தடிமன்கூட இல்லை. இதைப் பையில் வைத்தால் இருப்பதே தெரியாது அண்ணி என்றான். விற்பனையாளரும் வந்து ஆமாம் போட்டார். அவர் சொன்ன எண்கள் எல்லாம் பெரிய எண்கள்.

அக்கா நாற்காலி கேட்டாள். விற்பனையாளர் புரியாமல் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்தார். மொழி அமைப்பை மாற்றி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்துகொண்டு அவள் உட்கார்ந்தாள்.

“நீங்க பேசிக்கிட்டே இருங்க தம்பி. நான் அடிச்சுப் பாக்கறேன்.”

“என்ன பேசறதுங்க?”

“எதுவா இருந்தாலும் சரி. நிறுத்தாம பேசுங்க.”

பாவம், அவர் அந்த லேப்டாப்பின் பெருமையைத் தொடங்கினார். அக்கா கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்தபடி அடித்தாள். இரண்டெழுத்து அடித்தால் முழுச் சொல்லாக விரியும்படி பழைய இயந்திரத்தில் அவள் சேர்த்து வைத்திருந்த சுருக்கங்கள் இல்லாமல் அடிப்பது, செருப்பில்லாமல் ஓடுவதுபோல் இருந்தது. இருந்தாலும் ஓடினாள். கால் மணி நேரத்தில் விற்பனையாளரின் சரக்கு தீர்ந்துவிட்டது. மழை, டிராபிக் என்று இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுச் சோர்ந்து நின்றார். பின்னாலிருந்து இன்னொரு விற்பனையாளர் வந்து அவர் தோளைத் தொட்டார். இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். கொழுந்தன் ஹெட்போன் பக்கம் நகர்ந்திருந்தான். அக்காவின் விரல்கள் நிற்கவில்லை. யார் எதற்குப் பேசுகிறார்கள் என்று பார்த்து நிற்கிற விரல்களா அவை?

உள்ளங்கைக்குக் கீழே சூடு ஏறியது. அரை மணி ஆனதும் விசை அழுத்துவதற்கும் எழுத்து வருவதற்கும் நடுவே ஒரு சின்ன மூச்சு விழத் தொடங்கியது. வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். நிறுத்திவிட்டு, என்ன அடித்தோம் என்று அப்போதுதான் திரையைப் பார்த்தாள். பெருமையெல்லாம் மேலே இருந்தது. மழையும் டிராபிக்கும் இருந்தன. அதற்கும் கீழே இப்படி இருந்தது:

“அந்த மெலிசு மாடல் தள்ளிட்டியா? இல்லப்பா, அடிச்சுக்கிட்டே இருக்காங்க. சீக்கிரம் தள்ளு, சூடாயி நின்னுடுதுன்னு இந்த மாசம் மூணு பேர் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. (சிரிப்பு) இவங்க அடிக்கிற அடிக்கு கீழ்த்தட்டுல இருக்கிற கறுப்புதான் தாங்கும். அத காட்டாத, அதுல நமக்கு கமிஷன் ஒண்ணும் நிக்காது. (தும்மல்)”

விற்பனையாளரும் எட்டிப் பார்த்தார். படித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாமவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. சொன்னதைச் சொன்னபடி அடித்திருக்கிறோம், தும்மல்கூட விட்டுப்போகவில்லை என்று ஒரு திருப்திதான் வந்தது. ஐந்து நாள் கழித்து இன்றைக்குத்தான் அவளுக்கு நிமிர்ந்து உட்கார முடிந்தது.

“கீழ்த்தட்டுல இருக்கிற கறுப்ப எடுங்க தம்பி,” என்றாள்.

கறுப்பு வந்தது. கனமாக, மூலைகள் மழுங்கி, இரும்புப் பெட்டிபோல் இருந்தது. விசைகள் ஆழமாக இறங்கி, இறங்கியதை விரலுக்குச் சொல்லி மேலே வந்தன. அக்கா ஒரு மணி பத்து நிமிடம் அடித்தாள். இந்த முறை பேசுவதற்குக் கொழுந்தனை உட்கார வைத்தாள், அவனுக்கு மட்டும் சரக்கு தீரவே தீராது. நடுவில் எழுந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்கினாள். விற்பனையாளர் நெஞ்சில் கை வைத்தார். திரை அணையவில்லை, எழுத்தும் அப்படியே இருந்தது. பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து ஒரேயடியாக அணைத்தாள். மறுபடி போட்டபோது கடைசியாக அடித்த சொல்வரைக்கும் பத்திரமாக இருந்தது. இது என்ன சோதனை என்று விற்பனையாளர் கேட்டார். நான்கு நிமிடச் சோதனை என்றாள்.

கொழுந்தனுக்குத்தான் மனசே ஆறவில்லை.

“அண்ணி, இத மேஜையில வச்சா, கதவுக்கு முட்டுக் குடுக்கக் கொண்டாந்தீங்களான்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். அதையும் அடிச்சுடறேன்.”

வியாழன்வரை இருந்த நாட்களில் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. தன் சுருக்கங்கள் இரண்டாயிரத்துச் சொச்சத்தையும் புதியதில் ஏற்றி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கணவரைச் செய்தித்தாள் படிக்கச் சொல்லி அடித்தாள். அவர் படிக்கும்போதே தூங்கிப்போனார். குறட்டை என்று அடித்துவிட்டுத் தொடர்ந்தாள். ஆனால் இயந்திரம் தயாரானால் போதாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. போன நான்கு நிமிடம் போனதுதான். அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் யாராவது கேட்க வேண்டும். என்ன போயிற்று என்றே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்? எழுதுகிறவர் அமர்வில் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. அந்த விதியை அவள் பதினெட்டு வருடத்தில் ஒருமுறையும் மீறியதில்லை.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி கோப்பைத் திறந்தார். மற்றவர்கள் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் அக்கா பேசினாள். பேசும்போதே விரல்களும் ஓடின. அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரையில் ஏறியது.

“ஐயா, நான் பேசக் கூடாது. ஆனா போன தடவ என் லேப்டாப் நின்னதால நாலு நிமிஷம் இவங்களுக்குப் போய்ச் சேரல. அது என் தப்பு, இவங்க தப்பு இல்ல. அத மறுபடி சொல்லச் சொல்லுங்க. சொல்லாம முடிவு எழுதினா, இவங்களக் கேக்காம எழுதினதாதான் ஆகும்.”

அறையில் சத்தமே இல்லை. சத்தமே இல்லை என்று அடிக்க அவள் மறக்கவில்லை. அதிகாரி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேலாளரை எழுந்திருக்கச் சொன்னார். அக்காவின் பார்வை அவர் வாயில் போய் நின்றது. அதற்குப் பிறகு அறையில் நடந்தது எதுவும் அவளுக்கு இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ நாற்காலியை நகர்த்தியதில் சார்ஜர் வயர் கழன்றது, அதையும் அவள் கவனிக்கவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்தபோதுதான் கையை எடுத்தாள். கிடங்குப் பெண் வந்து இரண்டு கையாலும் அவள் தோளை அழுத்திப் பிடித்து, சிரித்துவிட்டுப் போனாள். முடிவு என்னவென்று அந்தப் பிடியிலேயே தெரிந்துவிட்டது.

திரும்பும்போது கணவர் ஓட்டும் பஸ்ஸில் அவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து கறுப்பு லேப்டாப்பை மடியில் திறந்தாள். வழக்கமாக அவள் தான் அடித்ததைப் படிப்பதில்லை. இன்றைக்குப் படித்தாள்.

அந்த நான்கு நிமிடம் அங்கே இருந்தது. விளக்கைக் கழற்றியிருக்கிறோம், மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து வெளியே வந்துவிடு என்று அன்று காலை பத்து மணிக்கு அவள் மேஜைக்கே போய் எழுதிக் காட்டினேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அடுத்த வரி கிடங்குப் பெண்ணுடையது. பத்து மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், பன்னிரண்டு மணிக்குத்தான் வேலைக்கு வந்தேன், அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டதே நீங்கள்தான். அதற்குக் கீழே, காகிதம் புரளும் சத்தம். வருகைப் பதிவேட்டில் பன்னிரண்டு ஐந்து என்று இருக்கிறது என்று குமாஸ்தா. மேலாளர், இருமல். குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது என்று அதிகாரி.

முடிந்தது என்று மூடப் போனாள். கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது.

“ஒரு நிமிஷம் சார். இதையும் எழுதணும். காது போனதுக்கு அப்புறம் எனக்காக இதுவரைக்கும் யாரும் இன்னொரு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டதில்ல. இந்த அக்கா கேட்டாங்க. இப்பகூட இவங்க காதுல இது ஏறாது, கைதான் அடிச்சுக்கிட்டு இருக்கு. பரவாயில்ல. பின்னால படிப்பாங்க.”

பஸ் ஒரு ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. என்ன, நின்றுவிட்டதா என்று கணவர் திரும்பாமலே கேட்டார். இல்லை, ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தாள்.