உண்மைத்தன்மை வந்துவிட்டதா?

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஒங்களுக்கு உண்மைத்தன்மை வந்துடுச்சா?" பக்கத்தில் நிற்கிற வெளியாள் யாராவது கேட்டால், இவர்கள் ஏதோ சாமியார் மடத்து ஆட்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். விஷயம் அவ்வளவு பெரியதில்லை. நாம் வைத்திருக்கிற பட்டம் தாங்கள் கொடுத்ததுதான், போலி இல்லை என்று அந்தந்தப் பல்கலைக்கழகம் எழுதி அனுப்பும் கடிதத்துக்கு எங்கள் துறையில் வழங்கும் பெயர் அது. அது வராமல் பதவி உயர்வு நகராது.

நான் தமிழ் ஆசிரியை. கடலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. முதுகலை ஆசிரியராக உயர்வதற்கான பட்டியலில் என் பெயரும் வந்திருந்தது. எம்.ஏ. சான்றிதழை உண்மைத்தன்மைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். மாதங்கள் போயின. பதில் வரவில்லை. நம் ஊரில் எந்தக் கடிதம் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது என்று அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அறிவியல் டீச்சர் தன் போனை என் முன்னால் நீட்டினார். சிதம்பரத்தில் ஒரு கல்வி மையத்தைப் போலீஸ் மூடிவிட்டதாகச் செய்தி. பல பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்களை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. தனியார் பள்ளி ஒன்றில் வேலை கேட்டுப் போனவர் நீட்டிய சான்றிதழில் 'முதுகளை' என்று இருந்திருக்கிறது. அங்கிருந்த தலைமையாசிரியை படித்துவிட்டுச் சும்மா விடவில்லை.

"முதுகளையாம் டீச்சர்! வயல்ல புடுங்குறமே, அந்தக் களை!" என்று அறிவியல் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் செய்தியோடு போட்டிருந்த படம் கண்ணில் பட்டுவிட்டது. குறுகலான மாடிப்படி, சுவரில் நீல போர்டு.

"ஏன் டீச்சர், சோத்த அப்புடியே வச்சிட்டு ஒக்காந்துருக்கீங்க?"

அந்தப் படியில் நான் ஏறியிருக்கிறேன். என் எம்.ஏ. அங்கே சேர்ந்து படித்ததுதான்.

கல்யாணமாகி மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்த புதிதில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் சேர்ந்தேன். பல்கலைக்கழகம் எங்கோ தூரத்தில் இருந்தது. விண்ணப்பம் வாங்குவதும், புத்தகம் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துவதும் இந்த மையம்தான். அதை நடத்தியவர் நெற்றியில் சந்தனப் பொட்டும் மடிப்புக் கலையாத சட்டையுமாக இருப்பார். எல்லோரையும் "சொல்லுங்க மேடம்" என்பார். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்கள் மேல் அன்றே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பட்டத்தை எடுத்தேன். கையெழுத்தையும் முத்திரையையும் பார்க்கத் தோன்றவில்லை. முதலில் லகரத்தைத்தான் பார்த்தேன். முதுகலை. சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேலே பல்கலைக்கழகம் என்ற சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதுவும் சரி.

என் கணவர் பழுதான தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எனக்கு முறைமாமன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் எனக்கு மாமாதான். கையில் எண்ணெய்க் கறையோடு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"லகரம் சரியாத்தான இருக்குது? அப்பறம் என்னா?" என்றார்.

"எழுத்துப் பிழ இல்லாம போலி அடிக்க முடியாதா மாமா? அன்னிக்கி அச்சுக் கோத்தவன் ஒழுங்காப் படிச்சவனா இருந்துருப்பான்."

"டீச்சரு, ஒங்கிட்ட மனுசன் பேச முடியாது" என்று கை கழுவப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இங்கே வேலையே போகும் போலிருக்கிறது, இந்த மனிதருக்குக் கிண்டலைப் பார் என்று தோன்றியது.

மறுவாரம், அந்த மையத்தில் படித்த ஆசிரியர்கள் யாராவது இருந்தால் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கிற கல்வி அலுவலகத்துக்குப் போய் நானே சொன்னேன். எங்கள் பிரிவின் எழுத்தர் நல்ல மனிதர். ஆனால் வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். "பதில் வரட்டும்மா. உண்மைன்னு வந்தா ப்ரொமோஷன். இல்லன்னு வந்துச்சுன்னா…" என்று நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன். பதவி உயர்வு இல்லை என்பதோடு போகாது. போலிப் பட்டம் காட்டிய ஆசிரியை என்று வழக்கு வரும், இருக்கிற வேலையும் போகும், ஊர் முழுக்கப் பேர் நாறும்.

அந்த நாட்களில் எனக்கு வகுப்புக்குப் போகவே கூச்சமாக இருந்தது. கட்டுரை நோட்டில் பிள்ளைகள் பள்ளியைப் பல்லி என்று எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழிப்பேன். அது என் பிழைப்பு. இப்போது பேனாவை வைக்கும்போதே கை நின்றது. இதைத் திருத்த நீ யார் என்று யாரோ கேட்பது மாதிரி இருந்தது. ராத்திரி பகலாக நான் மனப்பாடம் செய்தது, மூன்று மணி நேரம் கை வலிக்க எழுதியது எல்லாமே அந்தச் சந்தனப் பொட்டுக்காரர் போட்ட நாடகமாக இருந்தால்? பரீட்சைத் தாளைத் திருத்தவே இல்லையென்றால்? பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருந்தால்? இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். எத்தனையாவது முறையோ, அவருக்குத்தான் தெரியும். மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, நீ ஒரு பேப்பர்ல ஃபெயிலானியே, ஞாபகம் இருக்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. இருக்கிற வேதனையில் இது வேறா? இலக்கணத் தாளில் மூன்று மதிப்பெண்ணில் போய்விட்டது. தமிழ் ஆசிரியை இலக்கணத்தில் ஃபெயில் என்றால் சிரிக்க மாட்டார்களா? அந்த மதிப்பெண் பட்டியல் வந்த அன்றே கிழித்து அடுப்பில் போட்டேன். மறுதேர்வு எழுதப் போனபோது என் பெண் வயிற்றில் இருந்தாள். மாமாதான் வண்டியில் மெதுவாக ஓட்டிக்கொண்டு சிதம்பரம் கூட்டிப்போனார். ஒரு கல்லூரியில் தேர்வு. பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவே என் வயிறு நுழையவில்லை. கண்காணிப்பாளராக வந்த அம்மா தன் நாற்காலியையும் மேசையையும் எனக்குக் கொடுத்துவிட்டு நேரம் முழுக்க நின்றுகொண்டே இருந்தார். வெளியே மாமா இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் காத்திருந்தார்.

"இப்ப எதுக்கு அத இழுக்குறீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"கோவப்படாத, கேளு. பட்டத்த விக்கறவன் எவனாவது வாங்க வந்தவள ஃபெயில் பண்ணுவானா? அப்புடிப் பண்ணா அவன் கடைக்கி நாளைக்கி எவன் வருவான்? ஒன்ன ஃபெயில் பண்ணிருக்கான்னா எவனோ ஒருத்தன் ஒக்காந்து ஒழுங்காத் திருத்திருக்கான்னு அர்த்தம்."

எனக்கு வந்த சிரிப்பில் கரண்டியிலிருந்த குழம்பு தரையில் சிந்தியது. அவரும் சிரித்தார். போலிப் பட்டம் வாங்கிய யாரும் இதுவரை அரியர் வைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? அன்று வயிறாரச் சாப்பிட்டேன். ஆனாலும் இது கடைக்காரர் சொல்லும் நியாயம்தான், அலுவலகத்தில் எடுபடாது. கையில் காட்ட ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலைத்தான் அடுப்பில் போட்டுவிட்டேனே.

மழைக்காலம் தொடங்கும்போது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். எழுத்தரின் மேசையைச் சுற்றி ஏற்கெனவே ஏழெட்டு ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் ஓர் உறையை எடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சேந்த வருசம், பதிவு எண், எல்லாம் சரியா இருக்குதுன்னு எழுதிருக்காங்கம்மா. பேப்பர் பேப்பராப் போட்டுருக்காங்க" என்றவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "தாள் ஆறு, இலக்கணம். முதல் முயற்சியில் தோல்வி. மறுதேர்வில் தேர்ச்சி." நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நீங்க தமிழ் டீச்சருதான?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் சாம்பலாக்கியதை எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். என் தாளை யாரோ படித்திருக்கிறார்கள், தப்பைத் தப்பென்று சுழித்திருக்கிறார்கள்.

"ஆமா சார், இலக்கணத்துல ஃபெயிலான தமிழ் டீச்சருதான் சார் நானு. அந்த வரிய இன்னொரு தடவ படிங்க சார்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுத்தர் என்ன நினைத்தாரோ, மறுபேச்சு பேசாமல் இன்னொரு முறை படித்தார்.

வெளியே வந்து அலுவலகத்துக்குப் பக்கத்திலிருந்த மைதானத்து ஓரம் நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். கடையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"மாமா, ஃபெயிலுன்னு எழுதி வந்துருக்குது!"

சத்தம் நின்றது. மோட்டாரை அணைத்திருக்க வேண்டும்.

"அப்பாடா" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இத்தனை நாளும் பயந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.