கறுப்பில் அச்சான ஞாயிறு

நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில் தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். மற்றவர் அச்சுத்தாளைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வருவார். தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் வாயால் சொல்லப்படும். நிறம் மட்டும் சொல்லப்படாது. ஞாயிற்றுக்கிழமை சிவப்பில் இருக்கிறதா என்பதைப் பார்ப்பவர்தான் தன் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் வாசித்துத் தொலைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

பார்ப்பவள் நான். வாசிப்பவர் என்னைவிட மூத்த ஓர் அக்கா. மைக் இல்லாமலே கோயில் கொடைத் திருவிழாவையே நடத்திவிடக்கூடிய தொண்டை. அந்தத் தொண்டைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டே பல வருடம் நான் காணாமல் போயிருக்கிறேன். அவர் துவிதியை என்பார். எனக்குக் காலையில் கேஸை அடைத்தோமா என்று ஓடும். அங்கிருந்து பஸ்ஸில் எதிரே நின்றவளின் சேலைக்கு, சேலையிலிருந்து தைக்கக் கொடுக்க மறந்த ரவிக்கைத் துணிக்கு. திரும்பி வரும்போது பாதித் தாள் போயிருக்கும்.

"ஏத்தா, எங்கன இருக்க?" என்பார்.

"இங்கனதான்க்கா இருக்கேன், வாசிங்க."

இப்படியே ஓட்டியவள்தான் கடைசியில் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருவதாயிற்றே என்றேன். "உங்களுக்கும் பள்ளிக்கூடத்துலயே இருந்திருக்கும்மா, யாரும் பார்க்கலை" என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. கூறு கெட்டவள், பொறுப்பில்லாதவள் என்று இத்தனை வயதுவரை வாங்கிய பட்டங்களை யார் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவது?

அவர் முதலில் எழுதிக் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. அதில் பொய்யில்லை. அக்காவின் குரல் நேரே வந்து காதில் உட்கார்ந்தது. ஒரு தாள் முடிந்து அடுத்த தாளுக்குப் போகும்போது, இத்தனை நாளும் எல்லோரும் இவ்வளவு லேசாகத்தான் வேலை செய்திருக்கிறார்களா என்று அழுகை வந்தது. ஆனால் பசி போய்விட்டது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தாலே குமட்டும். நாக்கு அட்டை மாதிரி காய்ந்து கிடக்கும். கொண்டுபோன சோறு அப்படியே வீடு திரும்பியது. "இப்பிடித் தெனமும் கொண்டாந்து கொட்டுறதுக்கு எதுக்கு விடியக்காலம் எந்திரிச்சுப் பொங்குற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனாலேயே எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் வீடு திரும்ப ஆமத்தூர் பஸ் ஏறும் நேரத்தில் மாத்திரையின் வேகம் இறங்கும். அப்போது யார் முழங்கை பட்டாலும் அடிக்கத் தோன்றும். ஆறாவது படிக்கும் என் மகள் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். நான் காப்பி குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் வரமாட்டாள். தம்ளரைக் கீழே வைத்தபிறகு தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பாள். பெற்ற தாயிடம் பேச நேரம் பார்க்க வேண்டியிருந்தது என் பிள்ளைக்கு.

அதற்கெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை இருந்தது. வேலையில்லாத நாளில் அந்த மாத்திரையை விட்டுவிடலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அன்று நான் பழைய ஆள். கறியை அடுப்பில் வைத்துவிட்டுப் பீரோவை ஒழுங்குபண்ணப் போவேன். பீரோவில் ஒரு பழைய போட்டோ கிடைக்கும். போட்டோவிலிருந்து ஒரு கதை தொடங்கும். கறி தீய்ந்த வாசனை வரும்போது தாயும் மகளும் கட்டிலில் கிடந்து சிரித்துக்கொண்டிருப்போம். "கெளம்பு" என்பேன் திடீரென்று. எங்கே என்று அவள் கேட்கமாட்டாள். பால் வாங்கப் போனவர்கள் சாத்தூர் பஸ்ஸில் ஏறி, காராச்சேவு வாங்கி, அதைப் பொட்டலத்திலேயே தின்று தீர்த்துவிட்டு, பால் இல்லாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறோம். ஒருதடவை குடையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். என் மகளுக்கு வாரத்தில் ஒருநாள்தான் அம்மா கிடைத்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிறகு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே யாரோ துரத்துவது போல. டாக்டர் பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், முகத்தைச் சுருக்கினார். "இதை நிறுத்திடுவோம்மா. வேற வகை எழுதுறேன். உடம்புல பிடிக்கிறதுக்குச் சில வாரம் ஆகும். வயித்தைப் பிரட்டும், தூக்கமா வரும், பொறுத்துக்கோங்க. தினமும் விடாம போடணும்."

"ஞாயித்துக்கெளம?"

"ஞாயிறும்தான். இதுல லீவு கிடையாது."

மற்றதெல்லாம் எனக்குக் காதில் விழவே இல்லை. திரும்பும்போது பஸ் விருதுநகர் தாண்டும்வரை, இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் சொல்லவில்லை.

பழையது போய்விட்டது, புதியது இன்னும் பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் சீசன் வந்தது. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைக் கட்டி ஆல்பமாக வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம்; அதற்கு முன்னால் அச்சகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. மை வாசனைக்கே எனக்கு வயிற்றைப் பிரட்டியது. தூக்கம் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அக்கா வாசித்துக்கொண்டே போனார். "இராகு காலம் நாலரை ஆறு" என்றார். அது ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் என்று காதுக்குத் தெரிந்தது. கை டிக் போட்டது. கண் மட்டும் பார்க்கவில்லை.

மெஷினில் ஓடிக்கொண்டிருந்த தாளை அக்காதான் முதலில் எடுத்துப் பார்த்தார்.

"ஏத்தா, இங்க வா. இந்த ஞாயித்துக்கெளம ஏன் கறுப்பா இருக்கு?"

மெஷினை நிறுத்தினார்கள். முதலாளி வந்து தாளைத் தூக்கிப் பிடித்தார். "ரெண்டு பேரு உக்காந்து என்னத்தப் பாத்தீக?" என்றார். நான் வாயைத் திறக்குமுன்பே அக்கா, "நானும் சேர்ந்துதான் கவனிக்கல மொதலாளி" என்று சொல்லிவிட்டார். வாசிப்பவருக்கு அதில் பங்கே கிடையாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். என் வேலை தப்பியது. அன்றிலிருந்து அக்கா நிறத்தையும் வாசிக்கிறார். ஞாயிறு வரும்போதெல்லாம் கட்டடம் அதிர, "செவப்பு!" என்பார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்காகத்தான் அந்தக் கத்தல் என்பது எனக்கு வலிக்கும். ஆனாலும் அது இல்லாமல் டிக் போட எனக்குத் தைரியம் கிடையாது.

வீணான தாள்களை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். பின்பக்கம் வெள்ளை என்பதால் மகளுக்குப் படம் வரைய எப்போதும் கொண்டுவருவேன். இந்தத் தடவையும், வெட்கமில்லாமல், கொண்டுவந்தேன். அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். காலண்டர்காரி மகளல்லவா, உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"ம்மா, இந்த ஞாயித்துக்கெளம ஸ்கூல் உண்டா?"

"இல்லடி. அது தப்பா அடிச்சது."

"அப்ப லீவுதானா?" என்று இன்னொருமுறை கேட்டு உறுதிபண்ணிக்கொண்டாள்.

புதிய மாத்திரை ஒருவழியாகப் பிடித்தது. நெஞ்சு அடங்கியது. குமட்டல் குறைந்தது. கேஸ் அடைக்கப்பட்டிருக்கிறது, ரவிக்கைத் துணி தையல்காரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, கறி தீய்வதே இல்லை. வீட்டுக்காரர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். அடுத்தமுறை போனபோது டாக்டருக்கும் திருப்தி. "அப்புறம் என்னம்மா குறை?" என்றார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "பிள்ளையோட சேந்து சிரிப்பு வரமாட்டேங்குது சார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அளவைக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். நல்ல மனிதர்தான். அவரால் வேறென்ன செய்ய முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை மகள் குளித்து, தலை சீவி, நான் கூப்பிடாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ம்மா, சாத்தூருக்குப் போவோமா?"

"என்னத்துக்கு?" என்றேன்.

கேட்டபிறகுதான் உறைத்தது. அந்தக் கேள்வி எனக்கு முன்பு வந்ததே இல்லை. "சும்மாதான்" என்றாள். செருப்பைக் கழற்றப் போனாள்.

நான் எழுந்து சேலை மாற்றினேன். அடுப்பை அணைத்தேன், கேஸை அடைத்தேன், குடையை எடுத்துக்கொண்டேன். சாத்தூரில் இறங்கிக் காராச்சேவு வாங்கினோம். நின்று தின்றால் பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தேன். திரும்பும் வழியில் மறக்காமல் பாலும் வாங்கினேன். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். குடையும் வந்துவிட்டது.

மகள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டி, எனக்கு நீட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றாள், விருந்துக்குப் போன வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது மாதிரி.