ஒட்டாமல் விட்ட கருப்புத் தகடு

அந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா வியாழன் என்பாள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பூஜைக்கு முதல் நாள் அப்பாவின் கம்பெனிக்குப் போனோம். அங்கே கொடுத்த எலுமிச்சை சாதத்தை, வியாழக்கிழமை ஒருபொழுது என்று சொல்லி அம்மா என்னிடம் தள்ளிவிட்டாள். தனக்கென்று இரண்டு பொட்டலம் கிடைத்த நாளை ஏழாம் வகுப்புப் பிள்ளை யாரும் மறப்பதில்லை. ஆகவே முதல் நாள் வியாழன், பூஜை வெள்ளி. மற்றதெல்லாம் இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்போது நாங்கள் ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா வண்டிகளுக்கு பெட்ரோல் டேங்க் செய்யும் கம்பெனியில் பெயிண்ட் பிரிவில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் டேங்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கீறலோ புள்ளியோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவதுதான் வேலை. அந்தக் கண் வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் ஃபிரிட்ஜின் கதவில் வாங்கிய நாளின் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. ரிமோட் உறைக்குள் இருந்தது. ஸ்கூட்டரின் சீட் கவருக்கு மேல் இன்னொரு கவர். எந்தப் பொருளையும் அதன் உண்மையான தோலில் நான் தொட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டுக்குள் உறை ஏதும் இல்லாமல் நுழைந்த முதல் பொருள் அக்காவின் கிட்டார்.

அக்கா செல்போன் பாகங்கள் பொருத்தும் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஆனி மாதக் கடைசியில் பெங்களூர் போய் அதை வாங்கி வந்தாள். அட்டிபெலேயில் பஸ் மாறி, கூட்டத்தில் அதை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னாள். வார்னிஷ் பளபளப்பு இல்லாத கிட்டார் அது. மேல் பலகை மரம் மரமாகவே, வெந்த பனங்கிழங்கின் நிறத்தில் இருந்தது. தடவினால் சொரசொரவென்று லேசாக விரலைப் பிடிக்கும்.

பெட்டிக்குள் தனியாக ஒரு பாக்கெட்டும் இருந்தது. அதில் கண்ணீர்த்துளி மாதிரி வளைந்த மெல்லிய கருப்புத் தகடு. பிக்கார்டு என்று அக்கா சொன்னாள். கம்பிகளை மீட்டும்போது நகமோ பிளாஸ்டிக் வில்லையோ பட்டு மரத்தில் கீறல் விழாமலிருக்க, நடுத்துளைக்குக் கீழே ஒட்டிக்கொள்வது. பின்பக்கம் பசை. ஒட்டுவதும் விடுவதும் வாங்கியவர் இஷ்டம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வாங்கியவர் இஷ்டம் என்பது எங்கள் வீட்டில் புதிய கருத்து.

“இன்னும் ஒட்டலையா?” என்றார் அப்பா, முதல் நாளே.

“ஒட்டினா எடுக்க முடியாதுப்பா. பிச்சா மரமும் சேர்ந்து வரும்.”

“எதுக்குப் பிக்கணும்? ஒட்டறதே பிக்காம இருக்கத்தானே?”

“சத்தம் கொஞ்சம் அடங்கிரும்னு சொல்றாங்க.”

“அடங்கினா மேல் வீட்டுக்காரங்க நமக்கு மாலை போடுவாங்க.”

அம்மா அரிசி களைந்துகொண்டே, “அந்த ஸ்டிக்கரைக் கொண்டாங்க, என் காதுல ஒட்டிக்கறேன்” என்றாள்.

ஆடி முழுவதும் இது வேடிக்கையாகத்தான் நடந்தது. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மாவிடமும் அப்பா தீர்ப்புக் கேட்டார். தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பது அந்த அம்மாவின் வழக்கம். “ஏமண்டி, நெத்தி மாதிரி சுத்தமா இருக்குது, அதுல போயி கருப்பா என்னாத்துக்கு?” என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா மாடிப்படி வரை அவருடன் போய் வழியனுப்பினாள்.

ஆவணியில் வேடிக்கை போய்விட்டது. ஊத்தங்கரைப் பக்கமிருந்து வரன் வந்தது. நிலம் இருக்கிற குடும்பம், மாப்பிள்ளைக்குக் கிருஷ்ணகிரியில் வேலை. அக்காவுக்கும் பிடித்திருந்தது. தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். வந்தவர்களில் ஒரு பெரியவர் மூலையில் சாய்த்திருந்த கிட்டாரைப் பார்த்துவிட்டு, “இதை யாரு வாசிக்கறது?” என்று கேட்டார். அப்பா அவசரமாக, “சும்மா, பொழுது போக்குக்கு” என்றார். அக்கா தட்டில் இருந்த வாழைப்பழத்தை நேராக வைத்தாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

அந்த வாரமே அப்பா தன் ஷிஃப்டில் வேலை செய்யும் நண்பரிடம் கிட்டாரை விற்பதாகப் பேசிவிட்டார். நண்பரின் மகன் கிட்டார் கேட்டு அழுதுகொண்டிருந்தான். டீக்கடையில் நானும் பக்கத்தில் இருந்தேன்.

“கீறல் இல்லாம இருந்தா நானே எடுத்துக்கறேம்ப்பா” என்றார் நண்பர்.

“என் வீட்டுல கீறலா? தை வரைக்கும் புதுசாவே இருக்கும்” என்றார் அப்பா. பெயிண்ட் பிரிவின் கௌரவமே அதில் இருப்பதுபோல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடமும் சொன்னார். போகிற இடத்தில் ஆடு மாடு, கூட்டுக் குடும்பம், இதை எங்கே வைத்துக்கொள்வாய் என்று நியாயமாகவே கேட்டார். அதன் பிறகு பிக்கார்டு பேச்சு வரும்போதெல்லாம் அப்பா “ஒட்டிரணும்” என்பார். அக்கா “பூஜை முடியட்டும்ப்பா” என்பாள். சரி, ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை ஒட்டுவது என்று முடிவாகிவிட்டது. நான் அக்கா தோற்றுவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். விட்டுக்கொடுத்தவள் ஏன் தினமும் வேலை விட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் கிட்டாரை எடுத்துக்கொள்கிறாள் என்று புரியவில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமை.

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனிக்குள் குடும்பங்களை விடுவார்கள். விடுமுறைக்கு முந்தைய நாளே பூஜையை முடித்துவிடுவது இந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் வழக்கம். அக்காவுக்கு அவள் ஃபேக்டரியில் பூஜை. நானும் அம்மாவும் அப்பாவுடன் போனோம். மெஷின்களெல்லாம் வாழைக்கன்றும் மாவிலையுமாக, கல்யாணத்துக்குக் கிளம்பியவை போல் நின்றன. பெயிண்ட் பிரிவில் பொட்டு வைக்கும் பொறுப்பு அப்பாவுடையது. அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தார். சின்னத் துண்டாகக் கிழித்து மெஷினில் ஒட்டினார். அதன் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். அடுத்த மெஷினுக்கும் அப்படியே. பூஜைக்கு வைத்திருந்த புது டேங்குக்கும் டேப்தான் முதலில்.

“எதுக்குப்பா டேப்பு?”

“ஈரக் குங்குமம் பாப்பா. நேரா வெச்சா கறை இறங்கிரும். அப்பறம் என்ன தேச்சாலும் போவாது.”

எனக்குக் கவனம் எலுமிச்சை சாதத்தில் இருந்தது.

மறுநாள் காலை வீட்டில் பூஜை. அப்பாவின் ஸ்பேனர் செட், அம்மாவின் கத்தி, அரிவாள்மனை, மிக்ஸி, என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. அக்கா கிட்டாரைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் பிக்கார்டு பாக்கெட்டை அப்பா வைத்தார். மறுநாள் வேலைக்குத் தயாராக.

அப்பா சந்தனக் கிண்ணத்துடன் ஆரம்பித்தார். ஃபிரிட்ஜுக்கு அதன் பிளாஸ்டிக் தாளின் மேல் பொட்டு. ரிமோட்டுக்கு உறையின் மேல். ஸ்கூட்டருக்கு ஹெட்லைட் கண்ணாடியில். அரிவாள்மனைக்கு மரத்தில் வைக்காமல் இரும்பில் வைத்தார். கிட்டாரின் முன்னால் வந்ததும் குனிந்தார். சந்தனம் தோய்ந்த விரல் பலகைக்கு அருகில் போய் நின்றது. தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஏதோ மந்திரத்தை நினைவுபடுத்திக்கொள்கிறார் என்று நினைத்தேன். பிறகு நடுத்துளைக்கு மேல்புறம், நன்றாகத் தெரிகிற இடத்தில், மரத்தின் மேலேயே அழுத்தி ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அதன் நடுவில் குங்குமம்.

கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் குங்குமத்தின் ஈரம் மரத்தின் வரிகளுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

முதலில் பார்த்தது அம்மா. “அய்யோ, என்னாங்க இது!” என்று முந்தானையால் ஒற்றினாள். சந்தனம் வந்தது, சிவப்பு வரவில்லை. வட்டமாக இருந்தது கொஞ்சம் நீண்டு, நிலைத்துவிட்டது. அம்மா பாக்கெட்டைப் பிரித்துத் தகட்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். அது கீழ்ப்புறத்துக்கான வளைவு. எப்படித் திருப்பினாலும் பொட்டை மறைக்கவில்லை.

“மறந்துட்டேன்” என்றார் அப்பா. கையில் கிண்ணத்துடன் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா அழப்போகிறாள், பண்டிகை நாளில் வீடு ரெண்டாகப் போகிறது என்று பயந்தேன். அக்கா கிட்டாரை மடியில் வைத்து அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “இருக்கட்டும்ப்பா. அழகாத்தான் இருக்குது” என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. எவ்வளவு பெரிய மனசு அக்காவுக்கு என்று வியந்தேன். அந்த வியப்பு பல வருடம் இருந்தது.

மதியம் நண்பர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு பொரி சாப்பிட வந்தார். கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“என்னப்பா இது?”

“பூஜையில வெச்சேன். இறங்கிருச்சு.”

“தேச்சா போயிராதா?”

“பொட்டையா அழிக்கச் சொல்ற?” என்றார் அப்பா.

நண்பர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “அய்யய்யோ, எனக்கு எதுக்குப்பா அந்தப் பாவம்.” கிட்டாரைச் சாமி படத்தைத் தருவது போல இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார். பையனுக்கு அம்மா இன்னொரு பிடி பொரியும் வெல்லமும் போட்டாள். அவன் அதோடு திருப்தியடைந்துவிட்டான் என்றுதான் தோன்றியது. அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டியதும், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார். வாக்குக் கொடுத்துவிட்டுக் காப்பாற்ற முடியாமல் போன மனிதர் அப்படி மூச்சு விடுவாரா என்று கேட்டுக்கொள்ள எனக்கு அப்போது தோன்றவில்லை. மறுநாள் காலை யாரும் பிக்கார்டு பற்றிப் பேசவில்லை. கீறல் விழுந்தால் விழட்டும் என்று ஆகிவிட்ட பொருளுக்குக் காவல் எதற்கு?

தையில் அம்மா அதைச் சீர்ப் பொருள்களோடு, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பினாள். அக்காவின் மாமியார் பொட்டைப் பார்த்து, பூஜையில் வைத்ததா என்று கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊத்தங்கரை வீட்டில் அது இப்போதும் கூடத்தில்தான் இருக்கிறது. பொட்டு வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது. அதற்குக் கீழே, பிக்கார்டு ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில், அக்காவின் நகம் பட்டுப் பட்டு மரம் தேய்ந்து ஒரு பிறை விழுந்திருக்கிறது. பொட்டு வைத்த பொருளை யாராலும் விலை பேச முடியாது என்பது அவளுக்கு அந்தக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. அவள் அன்று மன்னிக்கவில்லை, தப்பித்திருக்கிறாள்.

அன்று கிட்டாருக்கு மட்டும் ஏன் டேப் ஒட்டவில்லை என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். “மறந்துட்டேன்னு அன்னிக்கே சொன்னேனில்ல” என்றார்.

கருப்புத் தகடு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்பா அதைப் பாக்கெட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்பேனர் செட்டுக்குப் பக்கத்தில் அதையும் எடுத்து வைப்பார். போன வருடம் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தார், சின்னத் துண்டாகக் கிழித்து பாக்கெட்டின் மேல் ஒட்டினார், அதன் மேல் பொட்டு வைத்தார்.